தீனிப்பை அறுவைக்குப் பிறகு கோழியைத் தேற்றுவது எப்படி?



நம் செஞ்சியில் கோழி இல்லாத தெரு இல்லை. வாசலில் நான்கு, கொல்லையில் ஆறு என்று பல வீடுகளில் வளர்க்கிறோம். முட்டைக்காகவும் விருந்துக்காகவும் வளர்த்தாலும், பிள்ளைகள் கைக்குள் வந்துவிட்ட கோழி ஒன்றாவது எல்லா வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு செவலைப் பெட்டை. என் மகள் தன் பெருநாள் காசில் குஞ்சாக வாங்கி வளர்த்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும்.

போன வருடம் அதற்குத் தீனிப்பை அடைத்துக்கொண்டது. மருத்துவர் அறுவை செய்து காப்பாற்றினார். ஆனால் அறுவை அரைமணி நேர வேலைதான். அதற்குப் பிறகு மூன்று வாரம் நாங்கள் செய்த பராமரிப்பில்தான் அது பிழைத்தது. இடையில் நான் செய்த ஒரு தவறால் போயிருக்கவும் கூடும். அந்த அனுபவத்தையும், மருத்துவர்கள் சொல்லும் பொதுவான முறைகளையும் சேர்த்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

தீனிப்பை என்பது என்ன?

கோழிக்குப் பல் இல்லை. கொத்தியதை அப்படியே விழுங்குகிறது. விழுங்கிய தீனி முதலில் கழுத்தின் அடியில், மார்புக்கு மேலே, சற்று வலப்பக்கமாக இருக்கும் ஒரு தோல் பையில் தங்குகிறது. அதுதான் தீனிப்பை. நம் வீடுகளில் பொதுவாக இரைப்பை என்று சொல்லிவிடுகிறோம். அங்கே தீனி ஊறி மெத்தென்று ஆன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அடுத்து, சிறு கற்களை வைத்து அரைக்கும் தடித்த பைக்குப் போகும். கோழி அறுக்கும்போது உள்ளே மஞ்சள் தோலும் மணலுமாக நாம் பார்க்கிற பை அதுதான்.

நலமாக இருக்கும் கோழிக்கு மாலையில் கூட்டில் அடையும்போது தீனிப்பை நிறைந்திருக்கும். விடிந்ததும் காலியாக இருக்கும். இந்த ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். சந்தேகம் வந்தால் அதிகாலையில், தீனி போடுவதற்கு முன், கழுத்தடியை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள்.

• காலியாக, தளர்வாக இருந்தால் நலம்.
• களிமண் உருண்டை போலக் கெட்டியாக இருந்தால் அடைப்பு.
• தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று இருந்து, வாயில் புளித்த நாற்றம் அடித்தால், உள்ளே தீனி நொதித்து, பூஞ்சை வளர்ந்திருக்கலாம். இதற்குப் பெரும்பாலும் மருந்துதான் தேவை, கத்தி அல்ல.

நிறைந்த தீனிப்பை எல்லாமே அடைப்பு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வெள்ளைக் கழிச்சல் போன்ற நோயிலும், குடலில் புழு மிகுந்தாலும் தீனி இறங்காமல் நிற்கும். கோழி சுருண்டு உட்கார்ந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, பக்கத்துக் கோழிகளுக்கும் பரவினால் அது வேறு விஷயம். அதனால்தான் மருத்துவர் பார்ப்பது அவசியம்.

எதனால் அடைக்கிறது?

எங்கள் செவலையின் தீனிப்பையிலிருந்து வெளியே வந்தது: பந்து போலச் சுருண்ட வைக்கோல், அரிசி மூட்டையின் வாயில் தைத்திருக்கும் நைலான் நூல், ஒரு துண்டு கேரி பேக். மூன்றும் எங்கள் வீட்டுக் குப்பைதான். மூட்டையைப் பிரித்து நூலை வாசலில் எறிந்தது நான். தையல் இயந்திரம் இருக்கும் வீடுகளில் வெட்டிய நூலும், மற்ற வீடுகளில் முற்றிய நீளப் புல்லும் சணலும் இதே வேலையைச் செய்யும். நெடுநேரம் பட்டினி கிடந்த கோழி ஒரே மூச்சில் காய்ந்த தானியத்தை நிறைய விழுங்கி, மேலே தண்ணீர் குடித்தாலும் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும்.

தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள், பிளேடைத் தொடாதீர்கள்

அடைப்பு என்றதும் கோழியின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு வாய்வழியாகப் பிதுக்குவது நம் பக்கத்தில் வழக்கம். அப்படிச் செய்யும்போது தண்ணீரும் தீனியும் மூச்சுக்குழாயில் இறங்கினால் கோழி கையிலேயே செத்துவிடும்.

அந்தக் காலத்தில் பிளேடால் கீறி, உள்ளே இருப்பதை எடுத்து, துணி தைக்கும் ஊசி நூலால் தைத்துவிட்ட பாட்டிமார் உண்டு. சில கோழிகள் பிழைக்கவும் செய்தன. செத்த கோழிகளின் கணக்கைத்தான் யாரும் சொல்வதில்லை. மேல்தோல் வேறு, தீனிப்பையின் சுவர் வேறு. இரண்டையும் தனித்தனியாகத் தைக்க வேண்டும். சேர்த்துத் தைத்தால் சரியாக ஆறாது. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புண் வழியாகக் கசியும். வலி தெரியாமலிருக்க மருந்தும், கிருமி நீக்கிய கருவிகளும் வேண்டும். இது கால்நடை மருத்துவரின் வேலை. அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். கால்நடைகளுக்கான அவசர உதவிக்குத் தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

எங்கள் வீட்டிலும் முதலில் விவாதம் வந்தது. "கறிக்கு ஆகிற கோழிக்கு ஆஸ்பத்திரியா? நல்லா இருக்கும்போதே அறுத்துடலாம்" என்றார்கள் மாமி. அது தவறான பேச்சும் இல்லை. அறுத்து உண்ண நமக்கு அனுமதி இருக்கிறது. பிழைக்காது என்று தெரிந்த உயிரை நாள் கணக்கில் துடிக்க விடுவதும் சரியில்லை. ஆனால் பிழைக்க வழியுள்ள, நம்மை நம்பி நம் வாசலில் கிடக்கிற உயிருக்கு நீரும் தீனியும் மருந்தும் பார்ப்பது நம் பொறுப்பு. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றியும், தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரைப் பற்றியும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை மக்தபில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அந்தப் பாடத்தை வீட்டில் கண்ணால் பார்க்கவும் அவர்களுக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். மாமி அதற்கு மேல் பேசவில்லை. அட்டைப்பெட்டி தேடிக் கொடுத்ததே அவர்கள்தான்.

முதல் நாள்: அமைதி, தனிமை, அளவான சூடு

அறுவை முடிந்து வந்த கோழியை மற்ற கோழிகளோடு விடவே கூடாது. சிவப்பாகத் தெரியும் புண்ணை மற்றவை கொத்தும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியோ பெரிய கூடையோ எடுத்து, அடியில் பழைய பருத்தித் துணியை விரியுங்கள். நூல் பிரிந்து தொங்கும் துணி வேண்டாம். வைக்கோல், உமி, மரத்தூள், மணல் எதுவும் வேண்டாம். கோழி அதையும் கொத்தித் தின்னும், புண்ணிலும் ஒட்டும். துணியைத் தினமும் மாற்றி வெயிலில் காய வையுங்கள்.

கோழியின் உடல் சூடு இயல்பாகவே 41 முதல் 42 டிகிரி வரை இருக்கும். மயக்கத்திலும் களைப்பிலும் அது குறையும். மார்கழிக் குளிரில் என்றால் பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் சூடு படும்படி, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம். வேண்டுமென்றால் கோழி அதன் பக்கம் போகும், வேண்டாமென்றால் விலகும். சித்திரை, வைகாசியில் இது தேவையே இல்லை. செஞ்சி மலைப்பாறை பகலெல்லாம் காய்ந்து இரவிலும் அனல் விடுகிற மாதங்கள் அவை. அப்போது நிழலும் காற்றும்தான் மருந்து. கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று பொருள்.

பெட்டியின் மேல் கொசுவலைத் துணியைக் கட்டாயம் மூடுங்கள். நம் ஊரில் அறுவைப் புண்ணுக்குப் பெரிய எதிரி ஈ. ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும்.

தீனி: சிறிது சிறிதாக, கூழாக

தைத்த பையை ஒரேயடியாக நிரப்பினால் தையல் இழுபடும். எப்போது முதல் தீனி கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். எங்களுக்குச் சொன்னது: நன்றாக மயக்கம் தெளிந்து தலை நிமிர்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர், மறுநாள் காலை முதல் கூழ். மயக்கம் தெளியாத கோழியின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

கூழ் செய்யும் முறை: கடையில் கிடைக்கும் கோழிக்குஞ்சுத் தீவனம் இரண்டு கரண்டிக்கு வெதுவெதுப்பான நீர் நான்கு கரண்டி ஊற்றி, இருபது நிமிடம் ஊறவிட்டுக் கட்டியில்லாமல் பிசையுங்கள். தீவனம் கிடைக்காவிட்டால் குழைய வேகவைத்து மசித்த கஞ்சியில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துக் கொடுக்கலாம்.

*1 முதல் 3 நாள்:* ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி கூழ். பகலில் ஐந்து அல்லது ஆறு வேளை. முந்தைய வேளைத் தீனி இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேளை.

*4 முதல் 10 நாள்:* அதே கூழ், கொஞ்சம் கெட்டியாக. வேளைக்கு இரண்டு கரண்டி வரை. பகலில் நான்கு வேளை.

*11 முதல் 20 நாள்:* நனைத்த தீவனம், பிறகு மெல்ல மெல்ல உலர் தீவனம்.

*மூன்று வாரத்துக்குப் பிறகு:* மருத்துவர் சரி என்றால் கம்பு, நொய் போன்ற சிறு தானியம். நெல்லும் சோளமும் கீரையும் கடைசியில்.

தானாகக் கொத்தும் கோழிக்கு வாயில் திணிக்க வேண்டாம். சாப்பிடவே மறுத்தால் மூக்கு நுனியில் சிறிது கூழைத் தொட்டு வையுங்கள், நக்கிப் பழகும். சிரிஞ்ச் மூலம் கொடுப்பதை மருத்துவர் கையால் காட்டித் தந்தால் மட்டும் செய்யுங்கள்.

பால், ரொட்டி, பிஸ்கட், பிரியாணிச் சோறு வேண்டாம். இங்கேதான் நான் தவறு செய்தேன். நான்காம் நாள் செவலை எழுந்து நின்று கத்தியது. பசிக்கிறது என்று மனம் இளகி ஒரு கைப்பிடி சோறு வைத்தேன். நொடியில் காலி செய்தது. மறுநாள் காலை தொட்டுப் பார்த்தால் பை காலியாகவில்லை. தையலைச் சுற்றித் தோல் விம்மி இருந்தது. மருத்துவரிடம் ஓடினோம். தையல் விடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். காலை வேளைத் தீனியை நிறுத்தி, மறுபடி முதல் நாள் கூழிலிருந்து தொடங்கச் சொன்னார். "அது கேட்கிற அளவு கொடுக்காதீங்க, பை தாங்குற அளவு கொடுங்க" என்றார். அன்று முதல் தீனி வைக்கும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். ஒரு நோட்டில் வேளை, அளவு, எச்சம், எடை எல்லாம் எழுதினாள்.

தினமும் பார்க்க வேண்டிய நான்கு

1. காலைத் தீனிப்பை. காலியா? தையல் மேல் அழுத்தாமல் ஓரமாகத் தொடுங்கள். பிசைந்து விடும் பழக்கத்தை இந்த மூன்று வாரமும் விட்டுவிடுங்கள்.

2. எச்சம். பட்டினிக் கோழி பச்சையாக, நீராக, கொஞ்சமாகக் கழியும். தீனி இறங்கத் தொடங்கினால் பழுப்பு நிறத்தில், மேலே வெள்ளைத் தொப்பியோடு உருண்டையாக வரும். எங்களுக்கு முதல் நல்ல செய்தி மூன்றாம் நாள் எச்சத்தில்தான் வந்தது.

3. எடை. காலையில் தீனிக்கு முன் ஒரே தராசில் போடுங்கள். செவலை அறுவைக்குப் பின் 1 கிலோ 100 கிராம் இருந்தது. முதல் சில நாளில் 50 கிராம் குறைந்தது, பிறகு ஏறியது. தொடர்ந்து குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

4. புண். விளிம்புகள் ஒட்டி, உலர்ந்திருக்க வேண்டும். மருத்துவர் சொன்ன மருந்தை மட்டும், கையைக் கழுவிவிட்டுத் தடவுங்கள். சுண்ணாம்பு, சாம்பல், மண்ணெண்ணெய், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டும் வேண்டாம். மூச்சும் தீனியும் தடைப்படும். புண் ஆறும் வரை மண் குளியலுக்கு விடக் கூடாது. தோலில் பிரிக்க வேண்டிய தையல் இருந்தால் பொதுவாக 10 முதல் 14 நாளில் மருத்துவர் பிரிப்பார்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

• தண்ணீர் அல்லது கூழ் புண் வழியாகக் கசிவது
• புண்ணில் சீழ், நாற்றம், புழு
• காலையில் பை காலியாகாமல் இருப்பது
• வாயில் புளித்த நாற்றம், தலையை உதறி நீர் கக்குவது
• ஒரு நாள் முழுவதும் எதையும் தொடாமல் கண்மூடிக் கிடப்பது

"நாளைக்குப் பார்ப்போம்" என்று விட வேண்டாம். கோழி தன் நோயைக் கடைசி வரை மறைக்கும். வெளியே தெரிகிறது என்றாலே நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

மருந்தும் முட்டையும்

எதிர்க்கிருமி மருந்தைச் சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள். இரண்டு நாளில் தேறிவிட்டது என்று நிறுத்தினால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறலாம். வலிக்கு வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமாகத் தெரியும் வலி மாத்திரை பறவையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபினாக் கொடுக்கப்பட்ட மாடுகளின் உடலைத் தின்று இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை அரசு தடை செய்ய வேண்டி வந்தது.

மருந்து சாப்பிடும் கோழியின் முட்டையிலும் கறியிலும் மருந்து தங்கும். எத்தனை நாள் உண்ணக் கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும். வாங்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் கோழிக்கு மருந்து நின்ற பிறகும் 14 நாள் என்று சொன்னார்கள்.

பதினாறாம் நாள் செவலை முட்டையிட்டது. மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வீட்டு அக்கா பிள்ளைத்தாய்ச்சியான தன் மகளுக்காக எங்களிடம் வாரா வாரம் நாட்டு முட்டை வாங்குவார்கள். அன்றும் வந்து கேட்டார்கள். கையில் முட்டை இருக்கிறது, காசும் வரும், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. "இது மருந்து முட்டை அக்கா, இன்னும் ஒரு வாரத்துக்கு மேல ஆகும்" என்று மகள்தான் முந்திச் சொன்னாள். அந்த முட்டைகளைக் கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தோம். மறு மாதமும் அந்த அக்கா எங்களிடம்தான் வாங்கினார்கள்.

பிள்ளைகள் நோய்க் கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெட்டியை அடுப்படியில் வைக்க வேண்டாம். கோழியின் கிண்ணத்தை நம் பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவவும் வேண்டாம்.

கூட்டில் மறுபடி சேர்ப்பது

புண் நன்றாக மூடி, இறகு முளைக்கத் தொடங்கிய பிறகே சேருங்கள். இத்தனை நாள் பிரிந்திருந்த கோழியை மற்றவை அன்னியமாக நினைத்து விரட்டும். முதல் இரண்டு மூன்று நாள் கூடைக்குள் வைத்தே மற்றவற்றின் நடுவில் வையுங்கள். பிறகு மாலையில், இருட்டும் நேரத்தில், கூட்டில் விடுங்கள். விடியும்போது சண்டை குறைவாக இருக்கும். தீனியை இரண்டு மூன்று இடத்தில் வைத்தால் மெலிந்த கோழிக்கும் கிடைக்கும்.

மறுபடி வராமல் இருக்க

ஒரு முறை அடைத்த பை தளர்ந்து மறுபடியும் அடைக்கலாம். அதனால் வாசலை நாம்தான் சுத்தமாக வைக்க வேண்டும். மூட்டை நூல், தையல் நூல், கேரி பேக் எல்லாவற்றையும் மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. இருந்தும் வெள்ளிக்கிழமைச் சந்தை முடிந்த மறுநாள் நம் தெருக்களைப் பார்த்தால் யாருக்கும் நினைவிருப்பதாகத் தெரியவில்லை. நீளப் புல்லை வெட்டுங்கள். அடைத்து வளர்க்கும் கோழிக்குச் சிறு மணற்கல் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். நேரத்துக்குத் தீனியும், எப்போதும் சுத்தமான நீரும் இருக்கட்டும். மருத்துவரிடம் கேட்டுக் குடற்புழு மருந்தும், வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தும் போட்டுவிடுங்கள்.

செவலை இப்போது எட்டுக் குஞ்சுகளோடு மேய்கிறது. கழுத்தடியில் விரல் வைத்துப் பார்த்தால் அந்தத் தழும்பு இன்னும் தெரியும். மாமி தினமும் ஃபஜ்ருக்குப் பிறகு வாசலில் ஒரு சுற்றுப் போய் நூல் கிடக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்

1. கோழியின் தீனிப்பையை எந்த நேரத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும்? ஏன்?
2. அடைப்புள்ள கோழியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் என்ன ஆகும்?
3. அறுவை செய்த கோழியின் பெட்டியில் வைக்கோல் ஏன் போடக் கூடாது?
4. மருந்து சாப்பிடும் கோழியின் முட்டையை விற்கலாமா?
5. இன்று நம் வாசலில் கோழி விழுங்கக்கூடிய பொருள் என்னென்ன கிடக்கிறது? போய் எண்ணிப் பார்த்து, பொறுக்கிவிட்டு வரவும்.